எழுத்து படமான வருஷம்

பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி எஸ்டேட்டுக்குள் நடந்தால், எங்கள் கம்பெனியின் கேட் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும். வெந்த ரப்பர் வாசனை. லாரிக்கும் பம்புக்கும் வேண்டிய ஆயில் சீல், வாஷர், கேஸ்கெட் எல்லாம் செய்கிற இடம். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரிவு என்றால் நானும், எனக்கு மேலே ஒரு மேனேஜரும், ஏசி போட்ட ஓர் அறையும்தான். அண்ணனூரிலிருந்து தினமும் போய்வந்தேன்.

சேர்ந்த முதல் வாரத்தில் ரிசப்ஷனை ஒட்டிய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, தகரத்தை வேகமாகச் சுரண்டுவது போல. அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது எனக்குத் தெரியும். பழுது என்றால் அது என் வேலை. கதவைத் தட்டி உள்ளே போனேன்.

ஆபரேட்டர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்த பெண், காதில் ஹெட்போனோடு போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல ஃபேன் ஏதோ உரசுது போல. சத்தம் வெளிய வரைக்கும் கேக்குது" என்றேன்.

அவர் சிரித்தார். "அது ஃபேன் இல்லம்மா. நான் படிச்சிட்டிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் டிபன் டப்பா அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டரின் முதுகுக்குப் போயிற்று. அவர் கீபோர்டில் ஏதோ இரண்டு கீயை அழுத்தினார். கரகரப்பு மெதுவானது. இன்னும் அழுத்தினார். இன்னும் மெதுவானது. ஒரு கட்டத்தில் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஆண் குரல் ஒன்று எழுந்து, மூக்கால் பேசும் வெளிநாட்டு இங்கிலீஷில், பர்ச்சேஸ் பிரிவுக்குக் காலையில் வந்திருந்த போன் தகவலைச் சொன்னது.

"இதுதான் உங்க வேகம். இப்ப என் வேகம்" என்று அவர் கீயை அழுத்தியதும் குரல் மறுபடி தகரமாகிவிட்டது. அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் ஒரு போனை எடுத்து, ஸ்டோர்ஸுக்கு லைன் கொடுத்து, என் பக்கம் திரும்பி, "உக்காரு, நிக்காத" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் மானிட்டர் அணைத்திருப்பதைக் கவனித்தேன். கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது.

அவர் பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பிறகு சென்னையில் பி.ஏ. முடித்தவர். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம்; குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அந்தப் பெட்டியை வெளிநாட்டிலிருந்த யாரோ தெரிந்தவர் மூலம் வாங்கிவந்திருந்தார். அதோடு வந்த ஃபிளாப்பியில் ஒரு புரோகிராம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது மெமரியில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் எந்த எழுத்து வந்தாலும் எடுத்துப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைப் பேசும். அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் போன் தகவல்களை அவர் டைப் செய்ய, அந்தந்தப் பிரிவில் இருப்பவர்கள் தங்கள் திரையில் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் அதற்கென்று டாஸில், திரையில் வெறும் எழுத்து மட்டுமே வரும் அந்தக் காலத்து அமைப்பில், எழுதிவைத்த சின்ன புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று முதல் சாயங்காலம் ஒரே ரயிலில் போனோம். நான் அண்ணனூரில் இறங்குவேன், அவர் ஆவடிக்குப் போவார்.

மவுண்ட் ரோடு தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது அதற்கு அடுத்த வருஷம். எல்லாத் தொழிற்சாலைகளிலும் டாஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போட வேண்டும். ஆர்டர், டெஸ்பாட்ச், உள் கடிதப் போக்குவரத்து எல்லாம் இனி அதில்தான். பழைய புரோகிராம்களில் எது புதியதில் ஓடும், எது ஓடாது, ஓடாததை எப்படி ஓடவைப்பது என்று பார்த்து முன்கூட்டியே தயார்செய்வது என் பொறுப்பு.

சோதனைக்கென்று ஒரு மெஷினில் விண்டோஸ் போட்டு எங்கள் அறையில் வைத்தோம். ஒவ்வொரு புரோகிராமாகக் கொண்டுவந்து ஓட்டினேன். சம்பள புரோகிராம் ஒன்றும் சொல்லாமல் ஓடியது. ஸ்டோர்ஸ் புரோகிராம் மெமரி போதவில்லை என்று அடம்பிடித்தது; ஒதுக்கிக் கொடுத்ததும் அடங்கியது. கேட் பாஸ் புரோகிராம் பிரிண்டரைத் தானே நேரடியாகப் பிடித்து இழுக்கும் வழக்கமுள்ளது. அதைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. கடைசியாக அக்காவின் ஃபிளாப்பியையும் பெட்டியையும் கொண்டுவந்து மாட்டினேன்.

அமைதி. திரை முழுக்கப் பச்சையும் சாம்பலுமாக ஜன்னல்கள், பொத்தான்கள், எழுத்துகள். பெட்டி வாயே திறக்கவில்லை.

காரணம் புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. டாஸில் திரையில் 'A' என்று தெரிந்தால் கம்ப்யூட்டருக்குள்ளும் அந்த இடத்தில் அந்த எழுத்தே இருக்கும். பேசும் புரோகிராம் கையை விட்டு அதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் திரையில் இருப்பது எழுத்தே இல்லை. எழுத்தின் படம். புள்ளி புள்ளியாக வரைந்த கோலம். நம் கண் அதை எழுத்து என்று நினைத்துக்கொள்கிறது. அந்தப் பழைய புரோகிராம் கையை விட்டால் புள்ளிகள்தான் கிடைக்கும்; அவற்றை எப்படிப் படிப்பது என்று அதற்குத் தெரியாது. அத்தனை நாள் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

மேனேஜர் நல்லவர். "அந்த ஒரு மெஷினை அப்படியே விட்டுடலாம்மா. பழசுலயே இருக்கட்டும். அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார்.

நான் போய் அக்காவிடம் சொன்னேன்.

"தொந்தரவு எனக்கா, அவருக்கா?" என்றார். கோபம் முகத்தில் தெரிந்தது. "எல்லாரும் புதுசுக்குப் போயிட்டா நான் டைப் பண்றது யாருக்குப் போகும்?"

"யாருக்கும் போகாது. உங்க மெஷின் தனியா நிக்கும்."

"அப்புறம் நான் சொல்லச்சொல்ல யாராவது பக்கத்துல உக்காந்து எழுதணும். அதுக்கு ஒரு ஆள் போடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த ஆளே போதும்னு தோணும்." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு, "அந்த விண்டோஸ்ங்கிறது எப்படி இருக்கும், சொல்லு" என்றார்.

சொல்ல முயன்றேன். "திரையில சதுரம் சதுரமா இருக்கும்கா. ஒண்ணுக்கு மேல ஒண்ணு..."

"மேலன்னா? உயரமாவா?"

"இல்ல, முன்னால."

"கண்ணாடித் திரைதானே? அதுல முன்னால ஏது, பின்னால ஏது?"

கண்ணாடிக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆனால் ஒன்று இன்னொன்றை மறைக்கிறது.

மறுநாள் மதியம் ஷாப் ஃப்ளோரில் போய் ரப்பர் ஷீட்டின் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒரு பேக்கிங் அட்டையைத் திரை என்று வைத்துக்கொண்டு, அதன் அடியில் நீளமான ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டினேன். இடது மூலையில் ஒரு வாஷர். அதுதான் ஸ்டார்ட் பொத்தான். பெரிய செவ்வகமாக ஒரு ஷீட்டை வெட்டி அட்டையின் நடுவில் வைத்தேன். அதன்மேல், பாதி மறைக்கும்படி இன்னொரு ஷீட். அக்காவின் கையைப் பிடித்து வைக்கவில்லை. அட்டையை அவர் முன்னால் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

விரல்கள் ஓரத்தில் தொடங்கி மெதுவாக உள்ளே வந்தன. மேல் ஷீட்டின் விளிம்பைத் தொட்டன. அதைத் தூக்கிக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தன. திரும்ப வைத்தன.

"கீழ இருக்கிறது காணாமப் போகல. இருக்கு. ஆனா இப்ப பேச முடியாது. மேல இருக்கிறதுதான் பேசும்."

"ஆமாக்கா."

"எங்க ஊட்டுல அம்மாவும் அப்பாவும் மாதிரி" என்று சிரித்தார்.

எந்த கீயை அழுத்தினால் எந்த ஷீட் மேலே வரும், எதை அழுத்தினால் மெனு திறக்கும், அம்புக்குறியை எத்தனை முறை அழுத்தினால் எந்த வரிக்குப் போகும் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவர் அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார். ஒரு வாரம் சாப்பாட்டு நேரம் முழுக்க இப்படிப் போயிற்று. அடுத்த வாரம், "உங்க ரூமுக்கு வரேன். அந்த மெஷின்ல உக்காந்து பாக்குறேன்" என்றார்.

"பெட்டி பேசாதேக்கா."

"தெரியும்."

வந்து உட்கார்ந்தார். கீபோர்டின் நடுவில் விரல் வைத்து இடம் பார்த்துக்கொண்டார். மெனுவைத் திறந்தார். கீழே இறங்கினார், பக்கவாட்டில் போனார், எழுதுகிற ஒரு ஜன்னலைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு வரி டைப் செய்தார். அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றைத் திறந்தார். அதில் வேறொன்று டைப் செய்தார். பழையதற்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தார். ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கேட்டது கீகளின் டக்டக் மட்டும். நான் பக்கத்தில் நின்று, திரையில் ஜன்னல்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் நடப்பது அத்தனையும் அவருக்குள் முன்பே நடந்துமுடிந்து, கண்ணாடி அதற்குப் பின்னால் ஓடிவருவது போலிருந்தது. மேனேஜர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை.

திடீரென்று அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நடுவுல ஏதோ வந்து நிக்குது, இல்ல?"

உண்மைதான். ஜன்னலை மூடப் போனபோது, எழுதியதைச் சேமிக்கவா என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்திருந்தது.

"எப்படிக்கா தெரிஞ்சது?"

"இதுவரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஹார்ட் டிஸ்க் ஒரு உறுமு உறுமுச்சு. இப்ப உறுமல."

மேனேஜர் அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்கம்மா. அந்த மெஷினும் மத்ததோடவே மாறணும்" என்றார்.

வழி ஒன்று இருந்தது. விண்டோஸுக்குள்ளேயே பழைய டாஸ் திரையைத் திறந்துவைக்கலாம். அதற்குள் எழுத்து எழுத்தாகவே இருக்கும். பேசும் புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஏற்றாமல், அந்தத் திரைக்குள் போய் ஏற்றினேன். பெட்டி ஒரு செருமல் செருமி, பேசியது. நான் கத்தியே விட்டேன். ஆனால் பேசியதில் பாதியைக் காணோம். 'பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்' என்பது 'பர்ச்சேஸ் டிமெட்' என்று வந்தது.

ஒயரை மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். கையேட்டில் இருந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். அக்கா தினமும் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்து, பெட்டி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வார். எனக்கு வெறும் உளறலாகக் கேட்டது அவர் வாயில் எழுத்தெழுத்தாக வந்தது. இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று தெரிந்தது: சின்ன வரிகள் முழுசாக வருகின்றன. பெரிய வரிகளில் ஆரம்பம் சரியாக இருக்கிறது, போகப்போகத்தான் விழுங்குகிறது.

"வாய் நிறைய சோத்தை வெச்சுட்டு இன்னும் ஊட்டுற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

அதுதான். பழைய டாஸ், பெட்டி 'கொஞ்சம் இரு' என்று சைகை காட்டினால் நிற்கும். இங்கே எழுத்துகளை மொத்தமாகச் சேர்த்துவைத்துக் கொட்டும்படி ஓர் அமைப்பு இருந்தது. கொட்ட ஆரம்பித்த பிறகு அந்தச் சைகையைப் பார்ப்பதற்குள் தாமதமாகிவிட்டது. சேர்த்துவைப்பதை நிறுத்தினேன். ஒரே ஒரு வரி மாற்றம். மெஷினை அணைத்து ஆன் செய்தேன்.

பெட்டி முழு வாக்கியத்தையும் சொன்னது. அக்காவின் கை கீபோர்டுக்குப் போனது. வேகத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். தகரச் சத்தம் எங்கள் அறையை நிறைத்தது. அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

அதற்குப் பிறகு, புதிய கடிதப் போக்குவரத்தில் வருவதை எடுத்து டாஸ் திரைக்குக் கொண்டுவரவும், அங்கிருந்து அனுப்பவும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். விண்டோஸுக்கு எழுதிப் பழக்கமில்லை எனக்கு. புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி எழுதினேன். திரையின் நடுவில் கேள்விப் பெட்டிகள் வந்து நின்றால் 'பீப்' என்று சத்தம் வரும்படியும் செய்தேன்.

மாற்றுகிற வேலையை ஷிஃப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். வானகரத்திலிருந்து ஹார்டுவேர் பார்க்கிற அண்ணன் ஒருவர் தன் மொபெட்டில் வந்தார். ஒவ்வொரு அறையாக மெஷின்களை முடித்துக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் அறைக்கு வந்தார். அக்காவும் லீவு நாளென்று பார்க்காமல் வந்திருந்தார்.

"மேடம், இந்த டப்பா இன்னாத்துக்கு? ஒயரைப் புடுங்கிடட்டா?"

"ஐயோ, அதுல கை வைக்காதீங்க அண்ணே" என்றேன்.

"அது என் கண்ணு" என்று அக்கா சொல்வார் என்று ஒரு கணம் பயந்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "அது என்னோட மானிட்டர் அண்ணே. உங்களுக்கு வேணும்னா அந்தப் பெரிய மானிட்டரைப் புடுங்கிக்குங்க" என்றார்.

வேலை முடிந்ததும் அக்கா உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். அந்த அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"இன்னாம்மா இது, டேப்பை ஓட்டி வுட்டா மாதிரி கீது! இத்த எப்டிம்மா புரிஞ்சிக்கிற?"

"உங்க வண்டி சத்தத்தை வெச்சே அதுக்கு என்னா கோளாறுன்னு சொல்லிட மாட்டீங்களா? அது மாதிரிதான்."

"அது கரெக்ட்டுதான். ஆனா என் வண்டி இங்கிலீஷு பேசாதும்மா" என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம். போகும்போது கதவருகில் நின்று இன்னொரு முறை கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை, ஆளாளுக்குக் கூப்பிட்டு, இது எங்கே அது எங்கே என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல்தான் எக்ஸ்சேஞ்ச் பக்கம் போக முடிந்தது. அக்கா எழுந்து நின்றிருந்தார். போன் வந்து போர்டில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அப்படி நான் பார்த்ததே இல்லை.

"என்னக்கா ஆச்சு? பேசலையா?"

"பேசுதும்மா. எனக்கு ஒண்ணு வந்திருக்கு." உட்கார்ந்து முதலில் அந்த போனைப் பார்த்தார். பிறகு, "ஓசூர் பேக்டரி ஆபரேட்டர் அனுப்பியிருக்கா" என்றார்.

அந்த ஓசூர் ஆபரேட்டரோடு தினமும் போனில் பேசுகிறவர்தான். அதில் என்ன விசேஷம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் கடிதத்தை என் வேகத்துக்குக் குறைத்து ஓடவிட்டார். ஒன்றுமில்லாத விஷயம்: இங்கே புதுசு போட்டாயிற்று, அங்கே எப்படி, இங்கே காலையிலிருந்து மழை. பெட்டி ஒரு இடத்தில் ஏதோ தப்பாக உச்சரித்தது. பழையபடி எழுத்தை விழுங்குகிறதோ என்று கேட்டேன்.

"இல்ல இல்ல, பெட்டி சரியாத்தான் சொல்லுது" என்றார். அந்த வார்த்தைக்குப் போய் எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்தார். மழை என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து இல்லை. "அவ தப்பா எழுதியிருக்கா!"

அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் எழுத்துப்பிழையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எனக்கு வர்ற லெட்டரை எல்லாம் யாராவது படிச்சுத்தான் சொல்லுவாங்க. பிரெயில்ல வந்தா நானே படிப்பேன், ஆனா ஆபீஸ்ல யாருக்கு பிரெயில் தெரியும்? படிச்சு சொல்றவங்க வாயில எல்லாமே சரியா வந்துடும். யாரு எப்படி எழுதுவாங்க, எங்க தப்பு விடுவாங்க, எதுவும் எனக்கு வராது. இவ குரல் அஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். இவ எழுத்து இன்னைக்குத்தான் தெரியுது."

எழுத்து படமாகிவிட்டது, இனி அவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று பயந்துகொண்டு இந்த வேலையைத் தொடங்கினேன். அந்தப் படத்துக்குப் பின்னாலிருந்து இப்படி ஒன்று அவருக்கு வந்துசேரும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு எழுத்து குறைந்த ஒரு வார்த்தையைப் பார்த்து நான் என்றைக்காவது நின்றிருக்கிறேனா?

அவர் பதில் எழுதத் தொடங்கிவிட்டார். நடுவில் நிறுத்தி, "அவ தப்பைச் சொல்லட்டுமா, வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம்கா."

"ஆமா. இருக்கட்டும்" என்றார்.

நான் எழுதிய அந்தச் சின்ன புரோகிராம் இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே ஓடியது. அதற்குள் விண்டோஸையே நேரடியாகப் படித்துச் சொல்லும் புரோகிராம்கள் வந்துவிட்டன. நான் வேறு கம்பெனி வேலைக்கு மவுண்ட் ரோடு பக்கம் மாறிவிட்டேன். புதியதைப் போட்ட அன்று அக்கா எனக்கு போன் செய்தார். பின்னணியில் அந்த மூக்கால் பேசும் குரல் இல்லை. வேறு ஒரு குரல், இன்னும் வேகமாக.

"உன்னோடதை எடுத்துட்டேன்மா, வருத்தமா?"

வருத்தமே இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. பிறகு அவர் பயிற்சிப் பிரிவுக்கு மாறி, புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். வகுப்பில் யாராவது திரையில் தொலைந்துபோய் முழித்தால், "நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும், ரெண்டு தடவை எஸ்கேப் அழுத்து" என்பாராம். அவர்கள் அழுத்தினால் சரியாகிவிடுமாம்.